கதவு மாட்டுகிறவனுக்கு ஓர் இடம்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். "முதல் வரியிலேயே பொய்யா?" என்று உங்கள் தங்கை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்கிறாள். ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேலை போய்விட்டது.

எங்கள் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்துவிட்டதாம், ஆள் குறைக்கிறார்கள். பெட்டிக்குள் வேலை செய்கிறவனைக் கூப்பிட சூப்பர்வைசர் வெளியே நின்று ஸ்பானரால் ரெண்டு தட்டுத் தட்டுவார், அங்கே இருக்கிற இரைச்சலில் கத்தினால் கேட்காது. இன்று காலையிலிருந்து தட்டு விழுந்து இறங்கினவன் எவனும் திரும்பி ஏறவில்லை. வயரிங்காரன் போனான், பெயின்டர் போனான், நான் கதவு மாட்டுகிறேன் பேர்வழி என்று ஒரே ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் பெட்டியிலும் டொக் டொக். இறங்கினால் நம்ம கடுகடுப்பு, அதாவது எங்கள் சூப்பர்வைசர், முகம் தொங்கிப்போய் நிற்கிறார். "தம்பி, ஒரு விஷயம்..." என்றதுமே எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "சொல்ல வேணாம் சார், தெரியும்! இத்தனை வருஷமா கதவு கோணல், கதவு கோணல்னு என் உயிரை வாங்கினீங்களே, கோணல் கதவுல இல்ல சார், உங்க கண்ணுல!" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். மனிதர் என் கையைக் குலுக்கி, "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், திட்டினால் சும்மா போகிற ஆளா அவர்! எனக்குத்தான் தலைகால் புரியவில்லையே. டூல்ஸையெல்லாம் ஆளுக்கொன்றாக வாரிக் கொடுத்தேன், முடிந்து நிற்கிற ரயிலில் ஏறி ஆசைதீர ஹாரன் அடித்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்கள் தங்கை அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பெரியவளுக்குக் காலேஜ் இன்னும் முடியவில்லை. உங்கள் கதவுப் பட்டறைக்கு ஆள் வேண்டுமென்றீர்களே, அந்த இடத்தை எனக்கு வைத்திருங்கள். ரயிலுக்கே கதவு மாட்டினவனுக்கு வீட்டுக் கதவு எம்மாத்திரம்? கடுகடுப்பு மாதிரி ஒருத்தர் மட்டும் அங்கே இருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், வாசலில் டொக் டொக். கடுகடுப்புதான். நான் தானம் பண்ணின டூல்ஸையெல்லாம் கேட்டு வாங்கித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வேலை போனது எனக்கில்லை மச்சான், அவருக்கு. "உங்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு வந்தேன், நீ எங்க பேச விட்ட? நாளைக்கு வெறுங்கையோடவா வேலைக்குப் போவ?" என்கிறார். உங்கள் தங்கை இப்போதுதான் அழுகிறாள். கிளம்பும்போது எங்கள் வாசல் கதவை ரெண்டு தரம் திறந்து மூடிப் பார்த்து, "கோணலா இருக்கேப்பா" என்றார். கோணல்தான், நான் மாட்டினது. அந்த இடத்தை அவருக்குக் கொடுங்கள். மேலே எழுதினதைக் கிழித்துப் போடுங்கள்.