கடைக்காரர் கூப்பிடுவார்

கேட்ட விலைக்கு ஒரு பொருளை வாங்கிவிட்டால் எனக்கு அன்று தூக்கம் வராது. வீட்டில் இதை வியாதி என்கிறார்கள். நான் தொழில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மண்ணூர்பேட்டையில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு எனக்கு. நட்டு வாங்கினாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன், அப்புறம் ஒப்பீடு, அப்புறம் பேரம், கடைசியில்தான் ஆர்டர். (கழிவறை பினாயிலுக்கும் இதே ராஜமரியாதைதான்.) அந்தப் பழக்கத்தைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரும்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. இல்லை, சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை.

என் மனைவி சுமதி, குமணன்சாவடியில் எங்கள் ஃபிளாட்டில் இருந்தபடியே பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறாள். இருந்தது ஒரு சின்ன லேப்டாப். நாள் முழுக்க அதற்குள் குனிந்து எறும்பு எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. டாக்டர் அவள் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டி, "பெரிய மானிட்டரா வாங்கி, கண்ணுக்கு நேரா வைங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். பேசியது அவளிடம், பார்த்தது என்னை. எப்படிக் கண்டுபிடித்தாரோ.

லேப்டாப்பை உயர்த்துவதற்காக இட்லிக் குண்டானைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தோம். அன்றோடு வீட்டில் இட்லி நின்றது.

எங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. இடம் மாறப் போகிறார்கள் என்பதால், ஷோகேஸில் இருந்த இருபத்தேழு இன்ச் மானிட்டரைப் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பீஸ். வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே கையோடு தூக்கி வந்திருப்பான். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். தினமும் வேலை முடிந்ததும் அந்தக் கடைக்குப் போவேன். திரையைக் கறுப்பாக்கிப் பார்ப்பேன், வெள்ளையாக்கிப் பார்ப்பேன், புள்ளி விழுந்திருக்கிறதா என்று மூக்கு உரசும் தூரத்தில் நின்று தேடுவேன். மூன்று வாரம் ஓடியது. குண்டான் மேல் லேப்டாப், லேப்டாப் முன்னால் சுமதி.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "இன்னா சார், பொண்ணு பாக்க வர்ற மாரி டெய்லி வந்து பாத்துகினு போற? புடிச்சிருந்தா எட்த்துகினு போ சார்!"

எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது என்பதும் தெரியும். ஆனால் இன்னும் ஒரு ஐநூறு குறைக்காமல் வாங்கினால் என் கெத்து என்னாவது?

அந்தச் சனிக்கிழமை மாலை சுமதியையும் அழைத்துப் போனேன். பஸ்ஸில் பாடம் நடத்தினேன். "பிடிச்சிருந்தாலும் முகத்துல காட்டிராத."

"இந்தப் பட்டையோட என் மூஞ்சில என்னங்க தெரியப் போகுது?"

கடையில் அவள் தன் பென்டிரைவைச் செருகி, பாதியில் இருந்த அறிவியல் புத்தகத்தைத் திறந்தாள். இரண்டு பக்கமும் அருகருகே பளிச்சென்று விரிந்தன. அவள் குனியவில்லை. பல நாள் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்து, எழுத்துகளை நேராகப் பார்த்தாள். "ஏங்க, அடிக்குறிப்புகூடப் படிக்க முடியுது" என்று என் காதருகே சொன்னாள். பட்டைக்கு மேலே முகம் மலர்ந்திருந்தது.

அந்த நிமிடத்தில் பணத்தை எடுத்து வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? உதட்டைப் பிதுக்கினேன். "ஓரத்துல வெளிச்சம் கசியுது. ஸ்டாண்டு ஆடுது. ஐநூறு கம்மி பண்ணுங்க."

"இதுக்கு மேல கம்மி பண்ணா, கட்ற கயிறுகூட என் கைக்காசு சார்."

அடுத்து என் பிரம்மாஸ்திரம், வெளிநடப்பு. இதில் ஒரு பக்குவம் உண்டு. வேகமாகப் போகக் கூடாது. வாசலில் கொஞ்சம் தயங்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. (போல்ட் வியாபாரிகள் எத்தனையோ பேர் என் பின்னாலேயே தெருவரை ஓடி வந்திருக்கிறார்கள்.)

"ஏங்க, ஐநூறுதானே..." என்றாள் சுமதி.

"பேசாம வா. கூப்பிடுவார்."

எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றோம். சுமதிக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது என்பதால், அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்த கடையை நான்தான் நேர்முக வர்ணனை செய்தேன்.

"என்ன பண்றாரு?"

"யோசிக்கிறார். கூப்பிடுவார்."

முதல் டீ முடிந்தது. கூப்பிடவில்லை. இரண்டாவது டீ சொன்னேன்.

"இப்ப?"

"யாரோ ஒருத்தர் உள்ள போயிருக்கார். மானிட்டரை எடுத்துப் பெட்டியில வைக்கிறாங்க... நமக்காத்தான் இருக்கும்."

நமக்காக இல்லை. லுங்கி கட்டிய ஒருவர் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஆட்டோ அருகே நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் டீயோடு வெட்டியாக நின்ற ஒரே ஆள் நான்.

"அண்ணாத்தே! கொஞ்சம் ஒரு கை புடி!"

போனேன். வேறு என்ன செய்ய? ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். அவர் வாயெல்லாம் பல். "பாப்பா படிப்புக்கு வாங்கினேன். நமக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? கடைக்காரரு சொன்னாரு, யாரோ ஒரு சார் மூணு வாரமா டெய்லி வந்து செக் பண்ணாராம். ஒரு புள்ளிகூட கண்டுபுடிக்க முடிலயாம். அதான் நம்பி எட்த்துட்டேன்."

ஆட்டோ போனது. சுமதி கழுத்து திரும்பாததால் உடம்போடு முழுசாகத் திரும்பி, என்னைப் பார்த்து நின்றாள்.

"கூப்பிட்டாங்க பாருங்க. தூக்கிவிட" என்றாள்.

அத்தோடு புத்தி வந்திருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு மானிட்டரும், தவறிப்போன அந்த விலைக்கு முன்னால் கொள்ளையாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு மாதம் இழுத்தேன். கடைசியில் சுமதியே முழு விலை கொடுத்து ஒன்றை வரவழைத்தாள். பில்லை என்னிடம் காட்டவில்லை. குண்டான் சமையலறைக்குத் திரும்பியது.

'கூப்பிடுவார்' எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேஸ் சிலிண்டர் வராவிட்டாலும், எனக்குப் பதவி உயர்வு வராவிட்டாலும், என் மகள் அனு, "கூப்பிடுவாங்கப்பா, நீங்க ரெண்டாவது டீ குடிங்க" என்பாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது சுமதிதான்.

பட்டையைக் கழற்றி வெகுநாள் ஆகிறது. ஆனால் கழுத்து பழையபடி ஆகவில்லை. சீக்கிரமே கவனித்திருக்கலாம் என்றார் டாக்டர். இந்த முறையும் என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து யாராவது அழைத்தால், சுமதி இன்றைக்கும் நாற்காலியை விட்டு எழுந்து உடம்போடுதான் திரும்புகிறாள்.

அதனால் நான் இப்போதெல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு போய், முன்னால் நின்ற பிறகுதான் கூப்பிடுகிறேன்.