தொட்டிக்கு ஒரு கைப்பிடி யூரியா

விவசாயி வீட்டில் பிறந்தவனுக்கெல்லாம் விவசாயம் தெரியும் என்று ஊருக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நானும் நம்பித் தொலைத்ததால்தான் மூன்று உயிர்கள் போயின.

அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். விளாங்குடியில் வாடகை வீடு. என் மனைவி உமா பீரோ, கட்டிலோடு ஒரு மீன்தொட்டியையும் கொண்டுவந்திருந்தாள். உள்ளே நான்கு ஏஞ்சல் மீன்கள், கல்லூரிக் காலத்திலிருந்து அவள் வளர்த்தவை. (அவள் வாழ்க்கையில் என்னைவிட சீனியர்கள்.) தொட்டிக்குப் பின்னால் சுவரில் பெயிண்ட் உரிந்து, மோட்டார் வயர் தொங்கி, பார்க்கச் சகிக்காது.

"பின்பக்கம் உயரமா ஒரு செடி வச்சா எல்லாம் மறைஞ்சிரும்ங்க," என்றாள்.

"செடிதானே? எங்கிட்ட விடு. நாலு தலைமுறையா நாங்க பண்றது அதைத்தான்," என்றேன். (அதுவரை நான் நட்டது பள்ளிக்கூடத்தில் ஒரு வேப்பங்கன்று. அதையும் ஆடு தின்றுவிட்டது.)

சிம்மக்கல்லில் வளர்ப்பு மீன் விற்கிறவர், நாடா மாதிரி நீள இலையுள்ள நீர்ச்செடி ஒன்றைக் கொடுத்தார். "ரெண்டு மாசத்துல தண்ணி மட்டத்தைத் தொட்டுரும்ணே. நட்டுட்டு கை மட்டும் வைக்காதீங்க."

பின்பக்கம் வரிசையாக ஆறு நட்டேன். பத்தே நாளில் இலையெல்லாம் வெளுத்துக் கரைய ஆரம்பித்தது. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பழைய இலை அழுகித்தாண்ணே புதுசு வரும். பொறுங்க."

பொறுப்பதா? நட்ட பயிர் வாடுவதை விவசாயி மகன் வேடிக்கை பார்ப்பதா? உமா உசிலம்பட்டிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் செடியைத் தேற்றிவிட வேண்டும் என்று கீழக்குயில்குடியில் இருக்கும் அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, தொட்டியில வச்ச செடி வெளுத்துப்போச்சு. என்ன போடலாம்?"

"வெளுத்தா யூரியாதான்டா. எம்புட்டுப் பெரிய தொட்டி?"

"இம்புட்டு," என்று கையை விரித்தேன்.

"அம்புட்டுப் பெருசா? அப்ப ஒரு கைப்பிடி போடு."

அவர் கொடுத்த யூரியாவில் ஒரு கைப்பிடி போட்டேன். மனசு கேட்கவில்லை. இன்னொரு கைப்பிடி போட்டேன்.

மறுநாள் மதியம் தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராகியிருந்தது. நான்கு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அள்ளி வாளித் தண்ணீரில் விட்டேன். மூன்று, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. ஈரக்கையோடு அப்பாவைப் போனில் கூப்பிட்டேன்.

"மீன்தொட்டியா? அடப்பாவி! நான் பூந்தொட்டின்னுல்ல நெனச்சேன்!"

சாயந்திரம் உமா வந்தாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த விளக்கத்தில் 'நைட்ரஜன்' நான்கு முறை வந்தது. முதல் நைட்ரஜனிலேயே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்றையும் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்து, "தொட்டித் தண்ணிய மாத்துங்க. செடியத் தொடாதீங்க," என்றாள். அதன்பிறகு ஒன்பது நாள் "கேஸ் வந்துச்சா", "கதவைச் சாத்துங்க" தவிர வேறு பேச்சில்லை. மிஞ்சிய ஒற்றை மீன்கூட என்னைக் கண்டால் மூலைக்குப் போய்விடும்.

பத்தாம் நாள் அவளே கூப்பிட்டாள். அழுகிய தண்டுகளுக்கு நடுவே ஆறு பச்சைக் குருத்து. கடைக்காரர் சொன்னது சொன்னபடி. நான் சும்மா இருந்திருந்தால் போதும். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒருவருக்கும் சந்தோஷமில்லை.

இப்போதெல்லாம் வீட்டில் யார் எதற்கு அவசரப்பட்டாலும் அதற்கு ஒரே பெயர்தான். எங்கள் மகளுக்கு ஒன்றேகால் வயது, இன்னும் நடக்கவில்லை. போன வாரம் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, "டாக்டர்ட்ட ஏதாவது டானிக் கேப்போமா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

உமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவ நடக்கும்போது நடப்பா. யூரியா வைக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது அப்பாதான். (எந்தத் தொட்டி என்று ஒரு வார்த்தை கேட்காத மனுஷன்!)