மாலீவன் பெயர் மீண்ட படலம்

பனி பொழி பின்லாந்தின் பெருந்தோன்றல், பழுதுற்ற மின்தூக்கிகளைப் பரிவுடன் உயிர்ப்பிக்கும் பொறிவல்லான், ஆறடி நான்கங்குல நெடியோன், நாளொன்றுக்கு ஒன்பது சொல்லுக்கு மேல் உதிர்க்காத நாவடக்கமுடையோன், எஸ்கோ நீமெலா வாழ்க! அவனை மணக்க மூன்றாண்டு காத்திருந்தவள், தாய்லாந்தின் ரோயெட் நகரத்துப் பல் மருத்துவமனையில் பஞ்சும் இடுக்கியும் நீட்டும் பணியாட்டி, வரிசையில் புகுவோரை முழங்கையால் வெல்லும் மறத்தி, மாலீவன் என்னும் மல்லிகைப் பெயருடையாளும் வாழ்க! வீட்டார் அவளைப் பூ என்றழைப்பர். மலரென்று மயங்கற்க. தாய்லாந்து மொழியில் பூ என்றால் நண்டு. பிடித்ததை விடாத குணத்துக்கு அதுவே பொருத்தமான பெயர்.

செந்நிற மை ஊறிய பஞ்சுத் திண்டே, முத்திரைகளின் தாயே, என் நாவைக் காத்தருள்க! இக்கதையில் ஓர் எழுத்துப் பிசகினாலும் வட்ட அலுவலகத்து நான்காம் சாளரத்தார் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பாங்காக் மாநகரத்துத் தன் நாட்டுத் தூதரகத்தில், தனக்கு வேறு மனைவி இல்லையென்றும் இன்ன பெயருடைய இப்பெண்ணையே மணக்கப்போவதாகவும் சத்தியம் செய்து ஒரு தாளை வென்றான் எஸ்கோ. அதைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்து வெளியுறவு அமைச்சகத்தின் வாயிலில் நீட்டினான். நீமெலாவின் ஈற்றெழுத்துத் தவறென்று அது தோற்று மீண்டது. மீண்டும் பெயர்த்தான், மீண்டும் நின்றான், இறுதியில் முத்திரை கொண்டான். இருபது நாள் விடுப்பில் பத்தொன்பது கழிந்தன. மறுநாள் காலை விமானம். அதை விட்டால் அடுத்த விடுப்பு அடுத்த குளிர்காலத்தில்தான். இன்றே திருமணச் சான்றிதழ் கைக்கு வராவிட்டால், பின்லாந்தில் குடியேற விண்ணப்பம் போடக்கூடப் பூவுக்கு வழியில்லை. இன்னுமோர் ஆண்டு இருவரும் கைபேசித் திரையில்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

வியாழன் காலை பத்து மணிக்கு அவ்விணை ரோயெட் வட்ட அலுவலகம் புகுந்தது. உடன் வந்தோர் பூவின் தாய் புன்மீயும், வண்டியோட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரரும். சாட்சிக் கையெழுத்துக்கு இருவர் வேண்டுமல்லவா? நான்காம் சாளரத்தில், மூக்கின் நுனியில் கண்ணாடி தாங்கி, காற்புள்ளியையும் தப்பவிடாத கழுகுப் பார்வையினளாகிய பதிவாளர் சிரிபோர்ன் வீற்றிருந்தாள். தாள் ஒவ்வொன்றும் அவள்முன் தலைவணங்கிக் கடந்தது. கடைசியாகப் பூவின் அடையாள அட்டையை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"தங்கச்சி, எம்பசி சர்டிபிகேட்ல மாலீவன்னு இருக்கு. கார்டுல பிம்னதான்னு இருக்கு. இவரு யாரைக் கட்டிக்கப் போறாரு?"

அந்தோ! எஸ்கோ பாங்காக்கில் தாளுக்கு அலைந்த வேளையில், புன்மீ கோயிலுக்குப் போய்ச் சோதிடம் வல்ல துறவியிடம் மகளின் பெயரைக் காட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை பிறந்தவளுக்கு ய, ர, ல, வ ஆகாது. மாலீவனிலோ லகரம் உண்டு, வகரம் உண்டு. அவர்கள் எழுத்துமுறையில் ஒலிக்காமல் பதுங்கிக் கிடக்கும் ரகரமும் உண்டு. இப்பெயரோடு மணந்தால் மணம் நிலைக்காது என்றார் துறவி. சட்டை மாற்றுவதுபோல் பெயர் மாற்றும் ஊர் இது. அன்று மாலைக்குள் மாலீவன் பிம்னதா ஆனாள். எங்கே? இதே நான்காம் சாளரத்தில்.

"நீங்கதானேக்கா மாத்திக் குடுத்தீங்க!" என்றாள் பூ.

"குடுத்தேன். கல்யாணம் வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"கல்யாணம் நிலைக்கணும்னுதானே மாத்தினதே!" என்று முழங்கினாள் புன்மீ.

தூதரகத்தில் புதுத் தாள், புது மொழிபெயர்ப்பு, புது முத்திரை, ஐந்து வேலை நாள் என்று தீர்ப்புரைத்தாள் சிரிபோர்ன். எஸ்கோ தன் சொற்களஞ்சியத்திலிருந்து ஒன்றை உருவி வீசினான்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு ஆகாது சார்."

மணி பன்னிரண்டு அடித்தது. சாளரம் சாத்தப்பட்டது. வெளியே பப்பாளிக்காய்ப் பச்சடி இடிக்கும் உரலோசை போர்முரசென அதிர, பதிவாளர்கள் உணவுக்களம் நோக்கி அணிவகுத்தனர். இரும்பு நாற்காலிகளில் முற்றுகை தொடர்ந்தது. அப்போதுதான் நண்டு தன் கொடுக்கை உயர்த்தியது.

"பழைய பேரையே திரும்ப வாங்கிக்கிறேன். பேர் ஒண்ணாயிட்டா இன்னைக்கே கல்யாணம் முடிஞ்சிரும்."

"வேண்டாம்டி. அந்தப் பேரோட கட்டினா இவன் உன்னை விட்டுட்டுப் போயிருவான். உங்கப்பன் போனது மறந்துபோச்சா?"

"அப்பா பேர்ல ஒரு கெட்ட எழுத்தும் இல்லையேம்மா. எல்லா எழுத்தையும் சரியா வெச்சுக்கிட்டுத்தானே போனாரு."

இதற்கு எந்த அரணும் தாங்காது. புன்மீ தன் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். மகளைப் பனியூருக்கு அனுப்பும் தாய்க்குக் கையில் மிஞ்சியிருந்த ஒரே காவல் அந்த நல்ல பெயர்தான், அதையும் பிடுங்கியாயிற்று. எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்நேரம் நெடியோன் குனிந்து, நாற்காலிக்கு அருகில் மண்டியிட்டு, அரைகுறைத் தாய்லாந்து மொழியில் மொழிந்தான்.

"அம்மா. நான் திரும்பி வருவேன்."

ஒரே மூச்சில் நான்கு சொற்கள்! காதலைச் சொன்ன நாளில்கூட அவன் இரண்டோடு நிறுத்தியவன்.

"வந்தா சரி" என்றாள் புன்மீ, அவன் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு மணிக்குச் சாளரம் திறந்தது. வரிசையில் இருநூற்று மூன்றாம் இலக்கம் கொண்டு, முழங்கையால் இடம் காத்துநின்று, பூ விண்ணப்பம் நீட்டினாள்.

"மாத்துறதுக்குக் காரணம்?"

"பழைய பேர்தான் புடிச்சிருக்கு."

"ஒம்பது நாள்லயா?" என்றாள் சிரிபோர்ன். ஆயினும் அவள் கல்நெஞ்சினள் அல்லள். பிற்பகல் தேநீரையும் துறந்து, தான் அளித்த பெயரைத் தானே அழித்தாள். புது அட்டைக்குப் படமெடுத்தபோது பூவின் முடி கலைந்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது. அதையெல்லாம் சரிசெய்ய நேரமில்லை. நாலேகாலுக்கு மாலீவனும் மாலீவனும் எழுத்துக்கு எழுத்து ஒத்தனர். அண்டை வீட்டார் சாட்சி ஒப்பமிட்டார். பேனா புன்மீயிடம் வந்தது. மகளின் பெயருக்கு மேல் அது சற்றே தயங்கி நின்றது. பின்பு, பள்ளியில் கற்ற பெரிய பெரிய எழுத்துகளில், அவள் ஒப்பத்தை எழுதி முடித்தது.

அப்போது, பஞ்சுத் திண்டில் தோய்ந்தெழுந்த முத்திரை இடியென இறங்க, எட்டுத் திசையும் அதைக் கேட்டு மெய்சிலிர்க்க, கூரை விசிறிகள் வெண்சாமரமாய்ச் சுழல, இருநூற்று நாற்பதாம் இலக்கத்தார்வரை எழுந்து கைதட்ட, பனிநாட்டுப் பெருந்தோன்றலும் ரோயெட் மறத்தியும், எவ்வெழுத்தாலும் எவ்வதிகாரியாலும் எக்கடலாலும் பிரிக்கவொண்ணாக் கணவன் மனைவியென வையம் அறிய நிலைபெற்றனர். மறுநாள் காலை அவன் ஊருக்குப் போனான், அவள் வேலைக்குப் போனாள்.