பின்னணி மங்கிய படலம்

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வேலையைக் கேவலமாகச் செய்வது என்று சபதம் எடுத்தேன். 'முதன்முறையாக' என்ற சொல்லை என் மனைவி வேலாமணி ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் கிடக்கட்டும்.

நான் நவநீதன். கூடலூர் பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன். பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. ஒரு கிலோ இலை விற்ற காசில் ஒரு டீ குடிக்கலாம். சர்க்கரை கேட்டால் கடைக்காரர் முறைப்பார். இலை விலை விழுந்தால் கல்யாணம் தள்ளிப்போகும். கல்யாணம் தள்ளிப்போனால் காதுகுத்து அதற்கும் பின்னால் போகும். அப்புறம் ஸ்டூடியோவுக்கு யார் வருவார்? பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருபவர்கள்தான். அவர்களும் ஊரைவிட்டுப் போவதற்காகத்தான் எடுத்தார்கள். எங்கள் ஷாப்பில் போட்டோ ஓடவில்லை. கம்ப்யூட்டரில் போட்டோஷாப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதை ஓட்டியது யார் என்பது சின்ன விஷயம். காலையில் நான் எதிரே மனுவேல் டீக்கடையில் உட்கார்ந்து உலகத்தை விமர்சிப்பேன். வேலாமணி கடையில் உட்கார்ந்து ஜனங்களின் மூஞ்சியில் பரு எடுப்பாள், கண்ணுக்கடியில் கருவளையம் எடுப்பாள். மவுசால்தான். கலை என்னுடையது, கறை துடைப்பது அவளுடையது. அப்படித்தான் நான் பங்கு பிரித்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் மச்சினன் அருண்பிரசாத் திருப்பூரிலிருந்து போன் போட்டான். இங்கே எஸ்டேட் ஃபேக்டரியில் இருந்தவன். ஃபேக்டரி மூடியதும் மலை இறங்கிப் போய் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராகிவிட்டான். மேலே இருந்தபோது வாயே திறக்காதவன், கீழே போனதும் யோசனை சொல்கிறான்.

"மாமா, எங்க கம்பெனியில வெளிநாட்டுக்காரனுக்குக் கேட்லாக் போடறாங்க. போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல சரி பண்ண ஆள் வேணுமாம். உங்க பேரச் சொல்லியிருக்கறன். மொதல்ல ஒரு சாம்பிள் படம் பாக்கோணுமாம், பனியன் அனுப்பட்டுமான்னு கேக்கறாங்க."

"என் பேரை எதுக்குடா பனியனோட சேர்த்த?"

"மாசச் சம்பளம் மாமா. ஊடும் அவங்களே பாத்துக் குடுக்கறாங்க."

திருப்பூர்! பேர்தான் திருப்பூர். ஒரு திருப்பம் உண்டா? ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டா? எங்கே பார்த்தாலும் நேர் ரோடு, நேர் வெயில், நேராக மனுசனை வறுத்தெடுக்கும் ஊர். நான் மறுப்பதற்குள் வேலாமணி போனைப் பிடுங்கி, "அனுப்பச் சொல்லு சாமி" என்றாள்.

அனுப்பினார்கள். ஒரு கிளிப்பச்சை பனியன். யாருக்காவது அதைப் போட்டுவிட்டு, தேயிலைத் தோட்டத்தில் நிறுத்தி, படம் எடுத்து அனுப்பணும். ஆள் பளிச்சென்று இருக்கணும், பின்னால் இருப்பதெல்லாம் மங்கலாக இருக்கணும். பெரிய லென்ஸில் எடுத்தது போலத் தோன்றணும். கம்ப்யூட்டரில் செய்தது என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. என் டிஜிட்டல் கேமராவோ சோப்புப் பெட்டி அளவு. அதில் எடுத்தால் மூக்குத்தியும் பளிச், மூணு மைல் தள்ளி இருக்கிற மலையும் பளிச்.

"பின்னாடி பூரா பிளர் பண்ணணும்," என்றேன்.

"பிளிறணுமா? அதுக்கு ஓவேலிக் காட்டுலயிருந்து ஆனையைத்தானுங்க கூட்டிட்டு வரோணும்."

"பிளர்! மங்கலாக்குறது!"

"மங்கலமாவே இருக்கட்டும். எப்பங்க கெளம்பறோம்?"

"நான் வரல."

"ஏனுங்க?"

"மலையில பொறந்தவன் கீழ இறங்க மாட்டான்."

"மழைத்தண்ணி எறங்குது. கேத்தி கேரட்டு லாரி ஏறி எறங்குது. தேயிலை வெலையே எறங்கிருச்சு. நீங்க மட்டும் ஏனுங்க சில்வர் ஓக் மரமாட்ட நட்டுக்கிட்டு நிக்கறீங்க?"

உண்மைக் காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஆளே வராத கடையானாலும் இங்கே நான் முதலாளி. எப்போது திறந்தாலும் அதுதான் நேரம். அங்கே போனால் எவனாவது ஒருத்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏன் லேட்டு?" என்பான். இதை மனைவியிடம் சொல்ல முடியுமா?

வேலாமணி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "போன வாரம் பூரா கடைக்கு ஒருத்தருதானுங்க வந்தாரு. அவரும் பஸ்ஸு போயிருச்சான்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

வாதம் எடுபடாத இடத்தில் நான் திட்டம் போடுவேன். முடியாது என்றால் வீட்டில் போர் மூளும். சரி என்று சொல்லிவிட்டு, பார்த்தவுடன் தூக்கி எறிகிற மாதிரி ஒரு படத்தை அனுப்பினால்? அவர்களே என்னை வேண்டாம் என்பார்கள். 'பனியன்காரனுக்குக் கலை தெரியுமா' என்று நான் பெருமூச்சு விடுவேன். பழி அவர்களுக்கு, நாற்காலி எனக்கு.

பக்கத்துத் தையல் கடைக்காரரின் மகள் தேவிக்குப் பனியனைப் போட்டுவிட்டு, ஆள் விட்டுப்போன ஒரு தோட்டத்தில் நிறுத்தினேன். கவாத்துப் பண்ணாத தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. பத்துப் படம் எடுத்தேன். கேமராவை வேலாமணியிடம் கொடுத்துவிட்டு, குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு இளைப்பாறப் போனேன். கலைஞனுக்குக் களைப்பு அதிகம்.

சாயந்திரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அடடா, கெடுப்பதில்தான் எவ்வளவு சுகம்! தேவியின் தலைமுடியை ஹெல்மெட் போல ஒரே வெட்டாக வெட்டினேன். இடது காதைப் பின்னணியோடு சேர்த்துக் கரைத்தேன். இடுப்பில் கை வைத்து நின்றாளா, அந்தக் கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு சந்து தெரியுமே, அதை மட்டும் மங்கலாக்காமல் விட்டேன். சுற்றிலும் புகை, சந்துக்குள் மட்டும் இலை நரம்பு எண்ணுகிற தெளிவு. காலடியில் தரையை அழித்தேன். பெண் அந்தரத்தில் மிதந்தாள். ஒட்டினாற்போல நிற்கிற செடிக்கும் அடிவானத்து மலைக்கும் ஒரே அளவு மங்கல். எங்கள் ஊர் மூடுபனி இதைப் பார்த்தால் மானநஷ்ட வழக்குப் போடும்.

வேலாமணி டீயோடு வந்து பின்னால் நின்றாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு ஒரு காதைக் காணமே?"

"காத்துல போயிருச்சு."

"காலு தரையில படலீங்களே. மோகினியா?"

"மாடலிங்."

"நெசமாலுமே பெரிய லென்ஸ்ல எடுத்தா இப்படித்தான் வருமுங்களா?"

இங்கேதான் நான் வாயை மூடியிருக்கணும். ஆனால் கலையைப் பற்றி ஒருத்தி கேள்வி கேட்கிறாள். அதுவும் பரு எடுக்கிறவள்.

"இப்படியா? சீ! லென்ஸுக்குத் தூரம்தான் கணக்கு. கிட்ட இருக்கிற செடி லேசா மங்கும். அதுக்குப் பின்னாடி இருக்கிறது இன்னும் மங்கும். மலை பஞ்சுமிட்டாய் மாதிரி ஆயிரும். எல்லாத்துக்கும் ஒரே அளவு போடுறவன் மடையன்."

"தரைங்க?"

"பாதத்துக்கிட்ட தெளிவா இருக்கணும். பின்னாடி போகப் போகப் படிப்படியாக் கரையணும். கோடு போட்டு நிறுத்தினா மாட்டிக்குவான்."

"தலைமுடிக்கு என்ன பண்றதுங்க? பிசிறு பிசிறா இருக்குதே."

"கத்தரி போடக் கூடாது. சின்ன பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு பிசிறா மீட்கணும். பொறுமை வேணும். உனக்கு வராது."

"எனக்கு எங்கீங்க வருது," என்று பெருமூச்சு விட்டாள். "அவ்வளவுதானுங்களா?"

"கடைசி ரகசியத்தை எவனும் சொல்ல மாட்டான். மங்கலாக்குன இடம் மெழுகு மாதிரி வழவழன்னு ஆயிரும். ஆள் மேல மட்டும் கேமராவோட பொடிப்புள்ளி இருக்கும். அங்கதான் குட்டு உடையும். அதனால பின்னாடியும் கொஞ்சம் பொடி தூவிவிடணும்."

"டஸ்ட் டீயாட்டமா?"

"அதேதான். தூவினதே தெரியக் கூடாது."

"இத்தனை தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, நீங்க ஏனுங்க..." என்று திரையைப் பார்த்தாள்.

"அது பழைய பாணி. இது நவீனம்."

"சரிங்க," என்றாள்.

இருபது வருசத்தில் வேலாமணி இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னதில்லை. புத்தியுள்ள எவனும் அங்கேயே உஷாராகியிருப்பான். நான் டீ குடித்தேன்.

மறுநாள் காலை சீடியில் ஏற்றி, மேலே என் பேரை எழுதினேன். "கூரியர்ல நானே போட்டுர்றனுங்க. நீங்க மனுவேல் அண்ணன் கடைக்குப் போயி உக்காருங்க. ரெண்டு நாளா ஒழைச்சிருக்கறீங்க," என்றாள். அவளாகவே என்னை டீக்கடைக்கு அனுப்பினாள்! மரியாதை பெருகுகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"எந்தா நவநீதன் சாரே, திருப்பூர் போறீங்களோ?" என்றார் மனுவேல்.

"என்னை வேண்டாம்னு சொல்லப் போறானுங்க, பாருங்க."

"அதில் எந்தா இத்ர சந்தோஷம்?"

சிரித்தேன். டீ ஆற்றுகிறவருக்கு ராஜதந்திரம் புரியுமா?

அடுத்த வாரம் அருண்பிரசாத் போனில் கத்தினான். "மாமா! முதலாளி அசந்துட்டாரு! ஆபீஸ்ல எல்லாத்தையும் கூப்புட்டுக் காட்டறாரு!"

"எதைடா?"

"உங்க ஊட்லயிருந்து வந்த சாம்பிளைத்தான். உடனே நேர்ல வரச் சொல்றாரு."

எனக்குத் தலை சுற்றியது. ஒற்றைக் காதோடு அந்தரத்தில் மிதக்கிற பெண்ணைப் பார்த்து அசருகிறான் ஒருவன் என்றால், அவன் தயாரிக்கும் பனியனில் கழுத்துக்கு ஓட்டை இருக்குமா? இப்படிப்பட்ட மடையர்களிடம் நான் வேலை பார்ப்பதா?

"முடியாதுன்னு சொல்லிடு!" என்றேன் வேலாமணியிடம்.

"போன்ல சொன்னா மருவாதி இல்லீங்க. நேர்ல போயி, நெஞ்ச நிமித்தி, நீங்களே சொல்லிப்போட்டு வந்துருங்க."

அந்த 'நெஞ்ச நிமித்தி' எனக்குப் பிடித்திருந்தது. கிளம்புகிற அன்று அவளும் பட்டுச்சேலை கட்டி நின்றாள்.

"மறுக்கப் போறதுக்கு எதுக்குடி பட்டு?"

"நீங்க மறுக்கறதப் பாக்கோணுமுங்களே."

ஊட்டி வழியாக இறங்கி, மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி, திருப்பூரில் சட்டையையும் கழற்றலாமா என்று யோசிக்கும் நிலையில் கம்பெனிக்குள் நுழைந்தோம். முதலாளி எழுந்து நின்றார். நான் கையை நீட்டினேன். அவர் அதைத் தாண்டி, "வாங்கம்மா வேலாமணி, உக்காருங்க" என்று கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சார் துணைக்கு வந்தீங்களா?" என்றார்.

அவர் மேஜையில் சீடி கிடந்தது. அதில் என் பேர் இல்லை. குண்டுகுண்டாக அவள் கையெழுத்தில் அவள் பேர்.

திரையைத் திருப்பினார். தேவி நின்றாள். ரெண்டு காதும் இருந்தன. காற்றில் பறந்த ஒவ்வொரு முடியும் இருந்தது. இடுப்புச் சந்துக்குள் பச்சை உருகி வழிந்தது. பாதம் மண்ணில் அழுந்தியிருந்தது, அந்த மண் பின்னால் போகப் போகக் கரைந்தது, மலை பஞ்சுமிட்டாயாக இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. யாருடா இந்தக் கைகாரன் என்ற பொறாமை. அப்புறம்தான் உறைத்தது, இது நான் எடுத்த படமே இல்லை. நான் இளைப்பாறப் போன பிறகு அவளே எடுத்த படம்.

"ஒண்ணாம் தேதி சேந்துக்குங்கம்மா. ஊடு ரெடியா இருக்குது," என்றார் முதலாளி.

"சரிங்க," என்றாள் வேலாமணி.

நான் நெஞ்சை நிமிர்த்தி, "நாங்க யோசிச்சு..." என்று ஆரம்பித்தேன். மின்விசிறி சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

முதலாளி பேனாவால் திரையில் ஒரு மூலையைத் தொட்டார். "மத்ததெல்லாம் இருக்கட்டும்மா. அங்க பின்னாடி, மரத்தடியில ஒரு இலை மூட்டையச் சாத்தி வெச்சிருக்கறீங்க பாருங்க. தூரத்துக்குத் தக்கபடி அது எத்தனை அழகா மங்கியிருக்குது! அதப் பாத்துத்தான் இந்த வேலையே உங்களுக்குன்னு முடிவு பண்ணுனேன்."

குனிந்து பார்த்தேன். சில்வர் ஓக் மரத்தடியில் சாம்பல் நிறத்தில் சரிந்து கிடந்தது ஒரு மூட்டை. மேல் பாகத்தில் குரங்குக் குல்லாய்.

வேலாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அது மூட்டை இல்லீங்க. எங்க ஊட்டுக்காரருங்க."