சேற்றில் விழுந்த பூங்காவனமும் இங்கிலீஷ் தெரிந்த நாரையும்

ஒரு காட்டில் ஏரியை ஒட்டிக் கொஞ்சம் சேற்று நிலம் இருந்தது. ரொம்ப காலமாக அதற்குச் சேறு என்றுதான் பெயர். விழுந்தவர்கள் கத்துவார்கள். வேதமூர்த்தி என்கிற யானை கரையில் நின்று கயிறு போட்டு இழுக்கும். விழுந்தவர்கள் குளித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவ்வளவு சுலபமாக நடக்கிற காரியத்தை எத்தனை நாளைக்குத்தான் சகித்துக்கொள்வது?

அந்த வருஷம் குளிர்காலத்துக்கு வெளிநாட்டிலிருந்து லாரன்ஸ் என்ற நாரை வந்து இறங்கியது. பல தேசத்துச் சேற்றில் நின்று மீன் பிடித்த அனுபவசாலி.

"இதைப் போய் வெறும் சேறுன்னு சொல்றீங்களே!" என்று அது வருத்தப்பட்டது. "மரம் நின்னா ஸ்வாம்ப். புல்லு நின்னா மார்ஷ். மழைத்தண்ணி தேங்கி, பாசி மக்கிக் கிடந்தா பாக். கால் வெச்சதும் தரையே ஆடினா குவாக்மயர்."

மிருகங்கள் வாயைப் பிளந்தன. இத்தனை நாள் தங்கள் காலில் இவ்வளவு இங்கிலீஷ் ஒட்டியிருந்தது அவற்றுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதோடு விட்டிருக்கலாம். லாரன்ஸ் விடவில்லை. "எங்க பக்கம் இதெல்லாம் சேத்துக்கு மட்டும் சொல்றதில்ல. வேலை தலைக்கு மேல போனா ஸ்வாம்ப். பேச்சுவார்த்தை நகரலேன்னா பாக். வம்புல இறங்கி வெளிய வர வழி தெரியலேன்னா குவாக்மயர். மனசு விட்டுப்போய்ப் படுத்துட்டா ஸ்லௌ."

மறுநாளே யானை வீட்டு வாசலில் கூட்டம். முயல் குப்புசாமிக்குப் பிள்ளைகள் அதிகம். குடும்ப வேலையில் ஸ்வாம்ப் என்று வந்து நின்றது. முள்ளம்பன்றித் தம்பதிக்குள் வாய்த்தகராறு, அது குவாக்மயர். யானை என்ன செய்வது என்று விழித்தது.

"கயிறு போடுங்க சார்," என்றது லாரன்ஸ்.

யானை முயலின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, காய்ந்த தரையில் ஆலமரம் வரை இழுத்துக்கொண்டு போனது. முயல் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "இப்பத்தான் சார் நிம்மதியா இருக்கு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். யானைக்கும் இது பிடித்துப்போயிற்று. காலில் சேறு படவில்லை, தோள் வலிக்கவில்லை, இழுபட்டவர்கள் ஒருவர் விடாமல் பிழைத்தார்கள். அன்றிலிருந்து ஆலமரத்தடியில் வரிசை ஏற்பட்டது. நிஜச் சேற்றில் விழுந்தவர்களுக்கும் அதே வரிசைதான். என்ன சேறு என்று லாரன்ஸிடம் சொல்லிவிட்டு நிற்க வேண்டும்.

இந்த லட்சணத்தில்தான் பூங்காவனம் என்ற கடமான் சேற்றில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதற்கு ஒரு தங்கை, அஞ்சலை. அம்மாவைச் சிறுத்தை கொண்டுபோனதிலிருந்து அஞ்சலைக்கு அக்காதான் எல்லாம். அது மூச்சு வாங்க ஆலமரத்துக்கு ஓடி வந்தது.

"ஐயா, எங்க அக்கா சேத்துல மாட்டிக்கிச்சு. முட்டி வரைக்கும் போயிடுச்சுங்க!"

"எந்தச் சேறும்மா?" என்றது லாரன்ஸ்.

"ஏரிக்கரைச் சேறுங்க."

"அது மார்ஷா, ஸ்வாம்ப்பா? மரம் இருக்கா, புல்லு இருக்கா, பாத்துட்டு வா."

அஞ்சலை திரும்ப ஓடியது. "அக்கா, பக்கத்துல மரம் இருக்கா?"

"மரம் இருந்தா அதைப் புடிச்சுக்கிட்டு ஏறியிருக்க மாட்டேனாடி?"

"புல்லு?"

"தின்னுட்டேன். அதைத் திங்கத்தானே இறங்கினேன்."

அஞ்சலை வந்து சொன்னதும் லாரன்ஸ் நெற்றியைச் சுருக்கியது. "அப்ப அது முன்னாள் மார்ஷ். சிக்கலான கேஸ். தரை ஆடுதான்னு கேளு."

மறுபடி ஓட்டம். இப்போது சேறு பூங்காவனத்தின் வயிற்றைத் தாண்டியிருந்தது.

"தரை ஆடலடி. நான்தான் பயத்துல ஆடறேன்," என்றது பூங்காவனம். பிறகு, "அஞ்சல, நீ போயிடு. இதையெல்லாம் நின்னு பாக்காத," என்றது.

அழுதுகொண்டே அது வரிசைக்கு வந்தபோது ஒரு மயில் பேசிக்கொண்டிருந்தது. தோகை உதிர்ந்ததிலிருந்து மனசே சரியில்லை, ஸ்லௌ, எழுந்திருக்கவே தோன்றவில்லை என்றது. யானை உடனே கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தது. "நீ ஏம்மா இவ்வளவு தூரம் வந்த? சொல்லி அனுப்பியிருந்தா வீட்டுக்கே வந்திருப்பேனே!"

அஞ்சலை அழுகையை நிறுத்தியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே யானை முன்னால் போய் நின்றது.

"சார், பதட்டத்துல தப்பா சொல்லிட்டேன். எங்க அக்கா சேத்துல எல்லாம் இல்ல. அவங்களுக்கு ஸ்லௌ."

"அடடா. எழுந்து நடமாடறாங்களா?"

"இல்லீங்க. இருந்த இடத்தை விட்டு அசையறதில்ல. வாயில ஒண்ணும் வெக்கறதில்ல."

யானைக்குக் கண் கலங்கிவிட்டது. மயிலைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அஞ்சலையோடு கிளம்பியது. லாரன்ஸும் ஊர்ஜனமும் பின்னால் போனார்கள்.

ஏரிக்கரைக்கு வந்ததும் லாரன்ஸ் காலைத் தூக்கிப் பார்த்தது. "என்ன இது, இவ்வளவு ஈரமா இருக்கு?"

"காலையிலேர்ந்து ஒரே அழுகைங்க," என்றது அஞ்சலை.

யானை கயிற்றைச் சுண்டி எறிந்து பூங்காவனத்தின் மார்பில் மாட்டியது. "மனசைத் தளர விடாதம்மா!" என்று இழுத்தது. முயல் இழுத்துப் பழகிய உடம்பு, பிடி போதவில்லை. இரண்டடி முன்னால் இறங்கி, நன்றாக ஊன்றி, ஒரே மூச்சில் இழுத்தது. பூங்காவனம் சொத்தென்று கரையில் வந்து விழுந்தது. அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுததில் எது கண்ணீர், எது சேறு என்று தெரியவில்லை.

கை தட்டல் அடங்கிய பிறகுதான் அஞ்சலை கவனித்தது. யானை வயிறு வரை உள்ளே இருந்தது.

"ஐயோ சார், நீங்க சேத்துல மாட்டிக்கிட்டீங்க!"

"எந்தச் சேறு?" என்றது யானை. சேறு என்று ஒப்புக்கொண்டால், மூழ்குகிற மானின் தங்கையை மரம் எண்ணவும் புல் பார்க்கவும் ஓட விட்டதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. "எனக்கு வேலை கொஞ்சம் ஜாஸ்தி. ஸ்வாம்ப். வேற ஒண்ணுமில்ல."

"பெரிய பதவின்னா அப்படித்தான் சார்," என்றது லாரன்ஸ்.

பூங்காவனம் கயிற்றின் நுனியை எடுத்துக்கொண்டு கரை ஓரம் வந்தது. "சார், எனக்குத் தெரியும், அது சேறுதான். வெக்கப்படாம புடிச்சுக்குங்க. எல்லாரும் சேந்து இழுக்கறோம்."

"பாவம், அந்தம்மாவுக்கு இன்னும் ஸ்லௌ தெளியல," என்று யானை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. "மயில் எங்க? வரச் சொல்லு."

மயிலைத் தும்பிக்கையால் தடவிக் கொடுத்து அனுப்பியது. அடுத்து ஒரு குரங்கு. அதன் வம்பு வழக்கைக் கேட்கும்போது சேறு யானையின் காதுக்கு வந்திருந்தது. "என்னா உழைப்பு, என்னா உழைப்பு!" என்று ஜனங்கள் உருகினார்கள். பூங்காவனமும் அஞ்சலையும் மட்டும் இழுங்கள், இழுங்கள் என்று கத்தின. வேலை நேரத்தில் அதிகாரியைத் தொந்தரவு செய்வதாக அவற்றை விரட்டிவிட்டார்கள்.

கடைசியில் தும்பிக்கை நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அதற்கு ஒரு மாலை போட்டார்கள்.

நீதி: சேற்றில் விழுந்தால் சேறு என்று கத்தாதே, இங்கிலீஷில் மனக்கஷ்டம் என்று சொல், கயிறு வீடு தேடி வரும். நீயே அதிகாரியாக இருந்தால், கழுத்து மூழ்குவதற்குள் மாலையை வாங்கிப் போட்டுக்கொள்.