தூணுக்கு டியூ முடிந்த ஞாயிறு

"மனுதாரர் குறிப்பிடும் தூண் எதுவும் இவ்வலுவலகப் பதிவேடுகளில் இல்லை." ஒரு தூணை யார், எதற்குக் கட்டினார்கள் என்று கேட்டு நான் போட்ட மனுவுக்கு 2012 அக்டோபரில் வந்த பதில் இது. மனுவோடு நான் இணைத்திருந்த புகைப்படத்தில் அந்தத் தூண் முப்பதடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. படத்தையாவது திருப்பி அனுப்பியிருக்கலாம்.

உலகம் அழியப்போகிறது என்று சொன்னவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரயிலில் துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள், டிவியில் படம் காட்டுவார்கள். ஆனால் அழிவுக்கு நாள் குறித்து, அந்த நாள் வந்ததும் தன் கையாலேயே அதை ஒத்திவைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் டியூ நைனா.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கேஸ் சிலிண்டர், தீயணைப்பான், கிரேன் கொக்கி என்று எதை எடுத்தாலும் மஞ்சள் பெயிண்டில் மாதமும் ஆண்டும் இருக்கும். அடுத்த சோதனைக்கான கெடு அது. பேட்டை மொழியில் டியூ. தகர அச்சை வைத்து அந்த எண்களை அடிப்பது அவர் தொழில். பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். எதிரில் வருகிறவர்களையெல்லாம் நைனா என்று கூப்பிட்டு, கடைசியில் அந்தப் பெயர் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் சமையல்கட்டு சிலிண்டரைப் பார்ப்பார். ஒருமுறை, "டியூ முடிஞ்சிக்கீது!" என்று பந்தியிலிருந்து பாதி வடையோடு எழுந்தார். அவரோடு வரிசையே எழுந்தது. பெண்வீட்டார் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

சிரிக்க மட்டும் ஏற்ற ஆள் அல்ல. சோதிக்காமலே புதுத் தேதி அடி என்று ஒரு பட்டறை முதலாளி சொன்னபோது, அச்சுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டவர். அது 2010. அதன்பின் கூப்பிட்ட இடத்துக்குப் போய்ச் செய்த வேலைதான் சோறு.

தூணுக்கு வருகிறேன். பேட்டைக்குள் இரண்டு சாலைகள் சேரும் வளைவில் அது ஒற்றைக்காலில் நின்றது. பலகை இல்லை, கல்வெட்டு இல்லை. அதன் அடியிலிருந்து பழவேற்காடு வரை சுரங்கம் போகிறது என்பது கிரேன் ஓட்டும் ஏழுமலையின் கட்சி. விமானத்துக்கு வழிகாட்டி என்றார் ஒருவர். மூளையை மந்தமாக்கும் அலைகள் அதிலிருந்து வருகின்றன என்றார் இன்னொருவர். சான்றாகத் தன் சூப்பர்வைசரைக் காட்டினார். கட்டாமல் விட்ட வரவேற்பு வளைவின் ஒரு கால் என்பது என் ஊகம். ஊகத்துக்கு ஆதாரம் இல்லை.

தூணையொட்டி மேரியம்மாவின் டீக்கடை. கடையின் தார்ப்பாய்க் கயிறு தூணில்தான் கட்டியிருக்கும்.

2012 டிசம்பரில் உலகம் முடிகிறது என்று டிவிகள் அலறியபோது நைனா அசரவில்லை. "அது வேற கம்பெனி டேட்டு" என்று ஒதுக்கிவிட்டார். ஜனவரியில் ஒருநாள், வெயிலுக்காகத் தார்ப்பாயை இறக்கிக் கட்டியபோது தூணில் இடுப்புயரத்தில் மங்கிய மஞ்சளில் ஓர் எண்ணைக் கண்டார். 03-13.

"மேரிம்மா! தூணுக்கு மார்ச்சுல டியூ!"

"அது இன்னா கரண்டு பில்லா, டியூ வர்றதுக்கு?"

"சும்மா ஒரு பொருளுக்கு எவனாவது டேட்டு போடுவானா? தெரிஞ்சவன் குறிச்சிட்டுப் போய்க்கிறான். உள்ள பிரஷரு கீது. மார்ச்சு தாண்டுச்சுன்னா வெடிச்சு, பழவேற்காட்டு ஏரியும் கடலும் ஒண்ணாயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பெஞ்சை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். தொழிற்பேட்டையில் சாமியை நம்பாதவன் உண்டு. டியூவை நம்பாதவன் இல்லை. பிப்ரவரி முடிவதற்குள் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் நெடுஞ்சாலையைத் தாண்டி வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள். மேரியம்மா தினமும் அரைப் பாத்திரம் டீயைக் கால்வாயில் கொட்டினார். அந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஒருநாள் கொட்டிய பாத்திரத்தோடே வந்து நின்றார். "யோவ் நைனா, உன் ஒலகம் அழியறதுக்கு முன்னாடி என் கடை அழிஞ்சிடும் போலக்குது. அந்த நம்பர அழிச்சுடு."

"டெஸ்ட் பண்ணாம டேட்ட மாத்துனா அது கொலை. அதுக்குத்தானே வேலைய உட்டேன்?"

"அப்ப டெஸ்ட் பண்ணித் தொல!"

இது நைனாவுக்குத் தோன்றவேயில்லை.

மறுநாளே கணக்கோடு வந்தார். ஒரு பொருள் சுமப்பதைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது முறை. தூண் சுமப்பது ஒரு தார்ப்பாய், இரண்டு காக்கை. காற்றடித்தால் தார்ப்பாய் இழுப்பது இரண்டு ஆள் பலம். ஒன்றரை மடங்குக்கு மூன்று ஆள். காக்கைகளுக்காக இன்னோர் ஆள்.

மாதம் மட்டும் போட்டிருந்தால் கெடு கடைசி நாள் வரை. 2013 மார்ச் 31, ஞாயிறு. அன்று ஈஸ்டர்.

"செத்தவரே எழுந்து வர்ற நாளு. அன்னிக்குப் போயி எவன்யா சாவான்?" என்றார் மேரியம்மா. "பூசை முடிச்சிட்டு வந்து கடைய தொறப்பேன்."

அன்று நைனா நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை. ஏழுமலை ஏறி, தூண் சாய்கிறதா என்று பார்க்க அதன் தலையிலிருந்து நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார், கயிறும் கட்டினார். ஏழுமலையோடு சேர்த்து நான்கு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். அழிவைப் பார்க்க வந்த கூட்டம் லாரிகளுக்குப் பின்னால் பத்திரமாக நின்றது. மேரியம்மா பூசைக்குக் கட்டிய புதுப்புடவையோடு அடுப்பைப் பற்றவைத்தார்.

"தள்ளிப் போ மேரிம்மா!"

"என் கடைய உட்டு நான் எங்க போவேன்?"

நைனா தூணுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

என் கடிகாரப்படி 9.42 முதல் 9.52 வரை இழுத்தார்கள். "நைனா, தூணு அப்படியே நிக்குது, என் தோளுதான் கழண்டுக்கும் போலக்குது!" என்று ஏழுமலை கத்தினார். குண்டு அசையவில்லை.

"பாஸு" என்றார் நைனா. பழைய எண்ணைச் சுரண்டி, அதற்குக் கீழே அச்சை வைத்து 03-14 என்று அடித்தார். "வயசான தூணு. ஒரு வருசத்துக்கு மேல குடுக்க முடியாது." பதினோரு மணிக்கெல்லாம் கடையில் பால் தீர்ந்துவிட்டது.

பெயிண்ட் காயும்போதுதான் கவனித்தேன். புது எண்ணில் 3இன் வால் நடுவில் உடைந்திருந்தது. அரைகுறையாகச் சுரண்டப்பட்ட பழைய 3இலும் அதே இடத்தில் அதே உடைசல். சிலிண்டருக்கு ஐந்தாண்டு கெடு, ஆகவே அதை அடித்தது 2008இல். பட்டறை வேலையில் இருந்த நாளில் டீ குடிக்க வந்த நைனா, அச்சு சரியாக விழுகிறதா என்று எல்லோரும் பக்கத்துச் சுவரில் அடித்துப் பார்ப்பதுபோலத் தூணில் அடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு மறந்துவிட்டார்.

நிமிர்ந்தேன். 2008இலும் அங்கே டீ ஆற்றிய மேரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்குமுன் என் கையில் ஒரு டீயைத் திணித்தார். "குடிங்க சார்" என்றார். அந்தக் குரலில் இருந்தது வேண்டுகோள் இல்லை, வாயை மூடு என்ற உத்தரவு.

அதன்பின் ஒவ்வொரு மார்ச் கடைசி ஞாயிறும் நான்கு பேர் கயிறு இழுத்தார்கள். நைனா 2022இல் பள்ளிப்பட்டில் மகள் வீட்டில் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது, அச்சுப் பெட்டி வீட்டில் இல்லை என்று மகள் சொன்னார்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். தூண் நிற்கிறது. அதில் புத்தம்புது மஞ்சளில் அடுத்த ஆண்டுக்கான டியூ. 3இன் வால் நடுவில் உடைந்திருக்கிறது.

"யாரும்மா அடிச்சது?"

"எனக்கு இன்னா சார் தெரியும்?" என்றார் மேரியம்மா. தம்ளரை நீட்டிய விரலின் நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது.

"டெஸ்ட் பண்ணித்தான் அடிச்சாங்களா?"

"பண்ணாம அடிச்சா நைனா சும்மா உடுவாரா?"

தூணில் முதுகைச் சாய்த்து டீயைக் குடித்து முடித்தேன். இந்த ஆண்டு கயிறு இழுத்த நான்கு பேரில் ஒருவரையும் நான் இன்னும் தேடிப் பார்க்கவில்லை. எனவே சோதனை நடந்தது என்பது, இதை எழுதும் இன்றுவரை, சரிபார்க்கப்படாத தகவல்.