ஜானவாச காருக்கு ஒரு பம்ப்

மனிதகுலம் முதலில் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நிலவில் கால் வைத்தது. மூன்றாவது மாபெரும் சாதனை, மயிலாப்பூர் வெங்கடரமணன் தம் காருக்குப் பெட்ரோல் பம்ப் தேர்ந்தெடுத்தது. முதல் இரண்டும் முறைப்படி கூட்டம் போட்டுச் செய்யப்பட்டவையா என்பதற்கு ஆதாரமில்லை. மூன்றாவதற்கு இருக்கிறது: ஏழு கூட்டங்கள், பதினோரு தீர்மானங்கள், ஒரு துணைக்குழு.

வெங்கடரமணன் அரசுத் துறை ஒன்றில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவி போயிற்றே தவிர, இயக்கம் நிற்கவில்லை. அவரிடம் அறுபது வயது தாண்டிய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. செக்கச் சிவப்பு. இரண்டே இருக்கை. கூரை கிடையாது. மனைவி சூடாமணியின் அபிப்பிராயத்தில், உபயோகமும் கிடையாது.

புரட்டாசியில் மகள் மதுவந்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தை மாதம், வடபழனியில் மண்டபம். முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, முருகன் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம்.

"வாடகைக் காரா? என் மாப்பிள்ளைக்கா?" என்று கர்ஜித்தார் வெங்கடரமணன். "நம்மாத்துக் கார் எதுக்கு இருக்கு?"

அந்தக் கர்ஜனையைக் கேட்டோ என்னவோ, மறுநாள் காலை நம்மாத்துக் கார் கிளம்பவில்லை.

தேனாம்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரத்னா ஸ்கூட்டரில் வந்தாள். டிக்கியைத் திறந்தாள். சாவியைத் திருகச் சொல்லிக் காதைக் கொடுத்தாள்.

"பம்பு பூட்ச்சு சார். டேங்க்ல கீற பெட்ரோல இன்ஜினுக்கு ஏத்துறதே இதான். புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைல கிடைக்கும். காலைல வாங்கினு வந்தேன்னா மத்தியானம் வண்டி ஓடும்."

வெங்கடரமணன் முகம் வாடிவிட்டது. முப்பத்தைந்து வருட அரசுப் பணியில், காலையில் பிறந்து மத்தியானம் தீர்ந்த பிரச்சினை எதையும் அவர் அனுமதித்ததில்லை.

விஷயம் 'தென்சென்னைத் தொன்மை மோட்டார் பேரவை'க்குப் போயிற்று. அதன் தலைவர் தியாகராய நகர் ராஜகோபாலன். அவருடைய பழங்கார் பதினோரு வருடமாக ஓரங்குலம் நகர்ந்ததில்லை. தலைவரானதே அந்தத் தகுதியில்தான். ஓடுகிற கார் வைத்திருப்பவர்களுக்குக் கூட்டத்துக்கு வர நேரம் ஏது?

அடையாறில் ஒரு காபிக் கடை மாடியில் முதல் கூட்டம். கடையில் கிடைக்கும் பம்ப் இரண்டு வகை என்று விளக்கப்பட்டது. ஒன்று பழைய மாதிரி, 'டிக் டிக்' என்று அடித்துக்கொள்ளும். மற்றது எலெக்ட்ரானிக். உடனே பேரவை 'அசல்வாதிகள்', 'நவீனவாதிகள்' என்று இரண்டாகப் பிளந்து, தனித்தனியாக போண்டா ஆர்டர் செய்தது.

"அந்த டிக் டிக்தான் சார் காரோட ஆத்மா!" என்றார் ராஜகோபாலன்.

"ஆத்மாவுக்குச் சத்தம் உண்டா?" என்று கேட்டார் ஒருவர். இந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் துணைக்குழு. அதன் ஒரே உறுப்பினர் சுப்பராமன், மிருதங்க வித்வான். மூன்று வாரம் கைபேசியில் பம்ப் ஓசைகளைக் கேட்டுத் தொடையில் தாளம் போட்டபின் அறிக்கை சமர்ப்பித்தார்: "பழைய பம்ப் சுத்தமான ஆதி தாளம். புதுசு மிஸ்ர சாபு மாதிரி இழுக்கறது. ஜானவாசத்துக்குச் சரிப்படாது."

ஐப்பசி போயிற்று. கார்த்திகை போயிற்று. நாலாவது கூட்டத்துக்குக் கிளம்பும்போது சூடாமணி வாசலில் மறித்தாள்.

"ஏன்னா, பத்திரிகை ப்ரூஃப் வந்திருக்கு. ஒரு தடவை கண்ணால பாருங்கோளேன்."

"பம்ப் விஷயம் முடியட்டும், சூடா. நான் இப்ப வேற சப்ஜெக்ட் எடுக்கறதில்லை."

கடைசியில் இரு தரப்பும் ஏற்கும்படி, சத்தம் போடும் எலெக்ட்ரானிக் பம்ப் ஒன்று இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டது. வெங்கடரமணன் அதைப் பட்டுத்துணியில் வைத்து, தினமும் சாயங்காலம் பிரித்துப் பார்த்து மூடினார். பொருத்தும் விழா ஜானவாசத்தன்று காலை என்று தீர்மானமாயிற்று. அதற்குமுன் பொருத்திச் சோதிக்கலாமே என்றவர், 'அவசரக்காரர்' என்று குறிப்பேட்டில் பதியப்பட்டார்.

விழாவில் தேங்காய் உடைந்தது. ரத்னா டப்பாவைத் திறந்து, பம்பைத் திருப்பி, அதன் முதுகில் இருந்ததைப் படித்தாள்.

"சார், இத்த மாட்டக்கூடாது. உன் வண்டில பேட்டரி பாசிட்டிவ் ஒயரு பாடில கீது. அந்தக் காலத்து வண்டி அப்டித்தான். இந்தப் பம்பு நெகட்டிவ் பாடில மாட்டுற வண்டிக்கு. மாட்டினா எரிஞ்சுடும்."

"நல்ல காரியம் நடக்கறச்சே நெகட்டிவ்வா பேசப்படாது," என்றார் ராஜகோபாலன்.

"நான் பாசிட்டிவ்னுதான் சார் சொல்றேன். வண்டி பாசிட்டிவ். நீங்க வாங்கினு வந்ததுதான் நெகட்டிவ்."

பேரவை ஒதுங்கிப்போய் விவாதித்தது. வாக்கெடுப்பு நடந்தது. நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் கார் 'நெகட்டிவ்' என்று முடிவாயிற்று.

"கரண்டுக்கு ஓட்டு போட்டீங்களா?" என்றாள் ரத்னா. "சரி. நீ கையால மாட்டு சார். நான் மாட்ட மாட்டேன். பெட்ரோல் பைப்பை மட்டும் கழட்டி வச்சுடறேன். எல்லாரும் தள்ளி நில்லுங்க."

வெங்கடரமணன் இரண்டு கம்பிகளை இணைத்து, இஷ்ட தெய்வத்தை நினைத்துச் சாவியைத் திருகினார். சுப்பராமன் தாளத்துக்குக் கையைத் தூக்கினார்.

'புஸ்.'

ஒரு சின்னப் புகை எழுந்து, அங்கே கூடியிருந்த அனைவருக்கும் வணக்கம் சொல்வதுபோல் வளைந்து மறைந்தது. குறிப்பேட்டில் ராஜகோபாலன் எழுதினார்: 'பம்ப் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. இயங்காமை, பின்னர் பரிசீலிக்கப்படும்.'

வெங்கடரமணன் படியில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தியிடம் என்ன சொல்வது? ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் இருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக யாரிடமும் கலந்தாலோசிக்காமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"ரத்னா, எதையாவது பண்ணும்மா."

ரத்னா ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு பழைய மாதிரி பம்பை எடுத்தாள். "புரட்டாசிலயே வாங்கினேன். நீங்க எல்லாம் பேசினு இருந்தீங்க, சரின்னு சும்மா வச்சிருந்தேன். இது ரெண்டு விதமாவும் ஓடும்."

நாற்பது நிமிடத்தில் கார் உறுமியது. டிக்கியிலிருந்து 'டிக் டிக்' என்று எழுந்ததைக் கேட்ட சுப்பராமன் கண்ணை மூடி, "ஆஹா, லண்டன் நாதம்!" என்றார். பம்ப் புதுப்பேட்டையைச் சேர்ந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வடபழனியில் அன்று முகூர்த்தக் கூட்டம். பத்தடிக்கு ஒரு மாப்பிள்ளை. வெங்கடரமணனின் கண் சாலையில் இருந்தது. காது முழுக்க டிக்கியில். கோயில் வாசலில் அவர் ஏற்பாடு செய்திருந்த நாதஸ்வர கோஷ்டி நின்றது. பக்கத்தில் கோட்டும் மாலையுமாக ஒரு வாலிபன்.

"ஏறுங்கோ மாப்பிள்ளை!"

"சார், நான் வந்து…"

"கூச்சமே வேண்டாம். நின்னா பம்ப் சூடாயிடும். ஏறுங்கோ!"

அதட்டலில் அவன் ஏறிவிட்டான். நாதஸ்வரம் முழங்கியது. வழி நெடுக வெங்கடரமணன் அவனுக்குப் பம்பின் உள்ளமைப்பை விளக்கினார். அவனும் "ஓகோ, ஓகோ" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். கார் ஓரிடத்தில்கூட இருமவில்லை. மண்டப வாசலில் வந்து நின்றபோது வெங்கடரமணனுக்குக் கண் கலங்கியது.

ஆரத்தித் தட்டோடு வந்த சூடாமணி, தட்டைச் சுற்றத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"ஏன்னா, யார் இந்தப் பிள்ளை?"

"நான் சித்தார்த்தனுங்க," என்றான் வாலிபன் எழுந்து நின்று. "எனக்கு அடுத்த தெரு மண்டபத்துல கல்யாணம். பொண்ணு தமிழ்நிலா வூட்ல ஏதோ சர்ப்ரைஸ் வச்சிக்கீறாங்கன்னு நெனச்சேன்."

அந்தச் சமயத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கோயிலின் இன்னொரு வாசலில் ஒரு மணி நேரம் காத்திருந்த நிஜ மாப்பிள்ளை பிரணவும் அவன் அப்பா அம்மாவும் இறங்கினார்கள். பிரணவ் சித்தார்த்தனின் கையைக் குலுக்கி வாழ்த்து சொல்லி, அதே ஆட்டோவில் அவனை ஏற்றி அனுப்பினான்.

பேரவை அங்கேயே அவசரமாகக் கூடியது. 'ஊர்வலத்தில் பம்ப் குறையின்றி இயங்கியது. அமர்ந்திருந்தவர் யார் என்பது பேரவையின் வரம்புக்குள் வராது.' ஒருமனதாக நிறைவேறிற்று. அதில் வெங்கடரமணனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மருதாணிக் கைகளோடு மதுவந்தி படியிறங்கி வந்தாள்.

"பாத்தியா மது," என்றார் அவர், "ஒரு இடத்துலகூட நிக்கலை!"

மதுவந்தி சிரிக்கவில்லை.

"ஐப்பசில நிச்சயதார்த்தத்தன்னிக்கு இவர் உங்களை நமஸ்காரம் பண்ணினார்ப்பா. நீங்க போன்ல பம்ப் படத்தைப் பெரிசு பண்ணிப் பாத்துண்டே ஆசீர்வாதம் பண்ணினேள். தலையை நிமிர்த்தவே இல்லை. அப்பாவுக்குக் கூச்சமா இருக்கும்னு நான்தான் அவர்கிட்ட சமாதானம் சொன்னேன்."

வெங்கடரமணன் பதில் தேடி ராஜகோபாலனைப் பார்த்தார். ராஜகோபாலன் குறிப்பேட்டில் ஏதோ தேடினார்.

பிரணவ் முன்னால் வந்து, இரண்டு கையும் கூப்பினான்.

"நமஸ்காரம் மாமா. என் பேர் பிரணவ். நாளைக்குக் கார்த்தால உங்க பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கப் போறது நான்தான்."